இடது செட்டையின் மூன்று ஓட்டைகள்

தம்பி,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. துபாய் வேலை சரிவந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம், அதற்கு முன் நாலு நாள் வீட்டில் வந்து நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். வழக்கமாக மறுநாளே பதில் போடுகிற அம்மா இந்த முறை ஏன் சுணங்கினாள் என்று யோசித்திருப்பாய். காய்ச்சல் ஒன்றும் இல்லை. முழங்கால் பழையபடிதான். கண்தான் மோசம், ஊசியில் நூல் கோக்க நாலைந்து தரம் முயல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் திருகோணமலையில் பாதிக் கல்யாணச் சட்டைகளைத் தைத்த கை இது. சுணக்கத்துக்குக் காரணம் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்.

நேர்முகத்தில் உன்னிடம், விமானத்தின் ஒவ்வொரு மூட்டையும் ஏன் இரண்டு தரம் பார்க்கிறாய் என்று கேட்டார்களாம். என் அப்பா எங்கள் வீட்டு வளவில் ஒரு விமானம் கட்டினார், கிண்ணியாவிலிருந்து வந்த வள்ள ஓடாவி ஒருவர் அதன் இறக்கைச் செட்டையின் நுனியை ஒழுங்காக ஒட்டாமல் விட்டார், அப்பாவின் கால் போனது, அன்றிலிருந்து எவர் ஒட்டினதையும் நான் நம்புவதில்லை என்று சொன்னாயாம். அவர்களுக்கு அது பிடித்துப் போயிற்றாம். இரத்மலானை விமானப் பட்டறையில் புதிதாக வரும் பொடியன்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வாய் என்றும், அங்கே பிசகான மூட்டுக்கு இப்போது அந்த ஓடாவியின் பெயரால் 'காசிம் ஒட்டு' என்றே பெயர் வந்துவிட்டது என்றும் பகிடியாக எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து ஊசிப்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குசினியில் போய் இருந்துவிட்டேன். தம்பி, காசிம் நானா ஒட்டினதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மூட்டு விட்டுப்போகச் செய்தது நான். பதினேழு வருஷமாகச் சொல்லாமல் இருந்து களைத்துப்போனேன். இனிச் சுமக்க ஏலாது.

உன் அப்பாவுக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது உனக்குத் தெரியும். சீனக்குடா விமானத்தளத்தில் வெள்ளைக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அவர்கள் மூட்டை முடிச்சோடு போனபோது அவர் கையில் மிஞ்சியது ஒரு பழைய வரைபடமும் பெட்டி பெட்டியாகப் பலகையும்தான். மற்ற ஆம்பிளைகள் வீடு கட்டினார்கள், வள்ளம் கட்டினார்கள். எனக்கு வாய்த்தவர் பாலையூற்றில் கிடுகுக் கொட்டில் போட்டு விமானம் கட்டினார். பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "என்ன அக்கா, அண்ணை மோட்சத்துக்கு நேர்வழி பிடிக்கிறாரோ?" என்று கேட்பார்கள். நானும் விடுவேனா, "ஓம், உங்களுக்கும் ஒரு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லட்டோ?" என்பேன். வெளியில் அப்படி, உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

உடலும் இரண்டு செட்டையும் அப்பாவே அடித்து முடித்துவிட்டார். செட்டையின் நுனிதான் அவருக்கு வசப்படவில்லை. நுனி வட்டமாக வளைந்து, முன் சட்டத்திலிருந்து பின் சட்டம் வரை ஒரே வளைவாக ஓட வேண்டும். மூன்று தரம் வளைத்தார், மூன்று தரமும் பலகை முறிந்தது. கடைசியில்தான் குடாவைக் கடக்கிற பாதைத் தெப்பத்தில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்க் காசிம் நானாவைக் கூட்டி வந்தார். வள்ளம் கட்டுவதில் அந்தக் கரையில் அவருக்கு மிஞ்சின ஓடாவி இல்லை. வந்தவர் கொட்டில் வாசலிலேயே நின்றுகொண்டார். "மிதக்கிறதெண்டாச் செஞ்சி தருவன். பறக்கிறது மலக்குமார்ர வேல, எனக்குச் சரிவராது" என்றார், நம் வானதூதர்களைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வது. அப்பா வரைபடத்தை விரித்துக் காட்டினார். நானா குனிந்து அந்த வளைவை விரலால் ஒருக்கால் தடவிப் பார்த்தார். "இது வள்ளத்து அணியந்தானே!" என்றார். வள்ளத்தின் முன்மூக்கை வளைத்துப் பழகின கை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நாங்கள் பூசை கண்டு வர, அவர் உளிப் பையோடு வாசலில் நின்றார்.

அந்த வேலையை நீயும் பார்த்திருக்கிறாய், ஆனால் உனக்கு அப்போது கிரிக்கெட்தான் பெரிது. ஆகவே சொல்கிறேன். ஒரு பலகையை மெல்லிய சீவல்களாக அரிந்து, கொதிநீரில் ஊறவைத்து, நிலத்தில் அடித்த கட்டைகளைச் சுற்றி ஒவ்வொன்றாக வளைத்தார். காய்ந்ததும் கழற்றி, சீவலுக்குச் சீவல் பசை பூசி, மறுபடி வளைத்து இறுக்கினார். பசை பாலிலிருந்து எடுத்த வெள்ளைத் தூள்; தண்ணீரில் குழைத்து அரை மணித்தியாலத்துக்குள் பூசிவிட வேண்டும். வளைவு தயாரானதும் அதன் இரண்டு முனைகளையும், சட்டங்களின் முனைகளையும் நீளச் சரிவாகச் சீவினார். சரிவோடு சரிவு படிய வேண்டும், நடுவில் ஒரு கடதாசி நுழையக்கூடாது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார், மறுபடி பிடிப்பார். ஒரு நுனிக்கு மூன்று ஞாயிறு போனது. அப்பாவுக்குப் பொறுமை போய், "நானா, காணும், ஒட்டுவம்" என்றால், "கடலுக்கு அவசரமில்ல, நமக்கென்ன அவசரம்?" என்பார். இடது நுனியையும் வலது நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். ஒரே சோடிச் செருப்புப் போல இருந்தது. கொழும்பிலிருந்து வந்து பார்த்த பரிசோதகர் அந்த மூட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவர் எங்கே படித்தார் என்று கேட்டார். "தண்ணியில" என்றார் நானா.

அதற்குப் பிறகு என் முறை. செட்டைக்குத் துணி போடுவது தலையணைக்கு உறை போடுகிற வேலைதான், தலையணை பதினான்கு அடி நீளம், அவ்வளவு வித்தியாசம். உறையைத் தைத்து நுனிப் பக்கத்தால் இழுத்து மாட்டி, நுனி வளைவைச் சுற்றிக் கையால் தைத்து மூட வேண்டும். வளைந்த ஊசியும் மெழுகு பூசிய நூலும் வைத்துக்கொண்டு அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட்டேன். பிறகு டோப்பு என்கிற அந்தத் திராவகத்தைப் பூசினோம். பழுத்த வாழைப்பழ மணம், ஆனால் அரை நாள் நின்றால் தலை சுற்றும். காயக் காயத் துணி இறுகும். அந்தத் திராவகம் நெருப்புக்கு ஆகாது. காசிம் நானாவுக்கோ வாயில் பீடி இல்லாவிட்டால் கை ஓடாது. "நானா, பீடியோட உள்ள வராதீங்க எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று நான் கத்துவேன். "அணைச்சிட்டன் தங்கச்சி, சும்மா வாயில கிடக்கு" என்பார். நான் திரும்பினால் புகை மணக்கும். அந்த நாட்களில் எனக்கும் அவருக்கும் நடந்த ஒரே சண்டை அதுதான், ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார், நீ பள்ளிக்கூடம். நான் கொட்டிலுக்குள் போனேன். இடது செட்டை கீழ்ப்பக்கம் மேலாக மரக்குதிரைகளில் கிடந்தது. நுனிக்குக் கிட்ட, பின் விளிம்போடு, என் துணியில் மூன்று ஓட்டை. பயறளவு. விளிம்பு கருகி இருந்தது. முதல் நாள் காசிம் நானா அதே இடத்தில் இருந்துதான் வேலை செய்தவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பீடிப் பொறி விழுந்திருக்கிறது, மனிசன் சொல்லாமல் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னால் வீண் சண்டை வரும். சரி, போகட்டும், காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். துணியில் மூன்று வட்டம் வெட்டி, விளிம்பைப் பிசிறில்லாமல் சீவி, டோப்பு வைத்து ஒட்டி, மேலே வெள்ளிப் பூச்சும் பூசினேன். விரலால் தடவினாலும் தெரியாது. நான் செய்த வேலைகளிலேயே அழகான வேலை அது. பின்னேரம் அப்பா வந்தார், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நல்லது செய்த திருப்தியோடு இருந்தேன்.

அந்த ஓட்டைகளைப் போட்டது அப்பா. அன்று காலை வேலைக்குப் போகுமுன் சைக்கிள் கம்பியைக் காய்ச்சிப் போட்டிருக்கிறார். செட்டைக்குள் மழைத்தண்ணியோ ஈரமோ சேர்ந்தால் வடிந்து போவதற்கான வழி அது. உனக்கு இப்போது அது பாலபாடம், உன் தொழில். எனக்கு அன்று தெரியாது. துணியில் ஓட்டை கண்டால் அடைப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. வலது செட்டை ஏற்கெனவே சுவரில் தொங்கியதால் அதன் கீழ்ப்பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதில் இருந்த மூன்று ஓட்டையும் அப்படியே இருந்தன. விமானம் பூட்டி முடிந்ததும் இடது செட்டை கொட்டில் சுவரோடு அணைந்து நின்றது, அப்பாவும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை. அந்த வருஷ மாரி எப்படிப் பெய்தது என்பது உனக்கு நினைவிருக்கும், கிணறு வாய்க்கட்டு வரை வந்தது. கிடுகு ஒழுகியது. இடது சில்லு காற்றுப் போய் அந்தப் பக்கம் சாய்ந்தபடி இரண்டு மாதம் நின்றது.

தை கழிந்து, கப்பல்துறைக்கு அங்கால் கிடந்த பழைய செம்மண் ஓடுபாதைக்குக் கொண்டுபோனோம். நீ அங்கே நின்றாய், ஆகவே நீட்டி எழுதவில்லை. இரண்டு தரம் நிலத்தில் ஓடிப் பார்த்தார். மூன்றாம் தரம் தென்னை உயரத்துக்கு எழும்பியது. நான் செபமாலையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு இடது நுனி பிய்ந்து துணி படபடவென்று அடித்த சத்தம். இன்றைக்கும் கொடியில் ஈரத்துணி காற்றில் அடித்தால் நான் எழும்பிப் போய் எடுத்துவிடுவேன். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் காசிம் நானா. அப்பாவை உடைசலுக்குள்ளிருந்து இழுத்துத் தோளில் போட்டு உழவு மெசின் வரை சுமந்தவரும் அவர்தான். நீ உன் கதையில் அதைச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, முறிந்த செட்டைகளை வளவில் கொண்டு வந்து போட்டார்கள். துணியாவது உதவும் என்று கத்தரிக்கோலோடு போனேன். இடது நுனியை வெட்டியதும் நாறின தண்ணீர் என் காலில் கொட்டியது. பலகை ஊறிப் போயிருந்தது. பசை புளித்த தயிராய்க் கையில் வந்தது. தண்ணீர் ஏன் போகவில்லை என்று துணியைப் புரட்டினேன், என் மூன்று வட்டங்கள். ஓடிப்போய் வலது செட்டையைப் புரட்டினேன். அதே இடத்தில் கருகின விளிம்போடு மூன்று ஓட்டை, உள்ளே காய்ந்த பலகை, நகம் நுழையாத மூட்டு. அங்கேயே மண்ணில் இருந்துவிட்டேன். வட்டங்கள் மூன்றையும் வெட்டிக் கைக்குள் பொத்திக்கொண்டு எழும்பும்போதுதான் படலையில் உன் சத்தம் கேட்டது.

காசிம் நானா வந்து நின்றார். நீ படலையைத் திறக்காமல் குறுக்கே நின்றாய். பதினைந்து வயது உனக்கு. "சோனகரை நம்பினா இப்பிடித்தான். இனி எங்கட வாசலுக்கு வராதீங்க" என்றாய். முஸ்லிம் ஆட்களைப் பற்றி அந்தக் கதை எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை, எங்கே படித்தாயோ. நானா உன்னைக் கோபிக்கவில்லை. "நான் ஒட்டின மூட்டு சும்மா உட்டுப்போகாது தம்பி. என்னவோ நடந்திரிக்கி. ஒருக்காப் பாக்க உடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க." என் கைக்குள் அந்த வட்டங்கள் வேர்வையில் ஊறின. "இப்ப ஏலாது நானா. பிறகு வாங்க" என்றேன். அவர் படலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு போய்விட்டார். நான் செட்டைத் துணியை அடுப்பில் வைத்தேன், அந்த மூன்று வட்டங்களை மட்டும் வைக்க மனம் வரவில்லை.

அப்பாவுக்குக் கால் கட்டையாகி, பட்டறை வேலை போய், களஞ்சியத்தில் கதிரையில் இருக்கிற வேலை வந்தது. அவர் நானாவைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொன்னதில்லை. பெயரைச் சொன்னதும் இல்லை. அந்த வருஷம் நத்தார்ப் பண்டிகைக்கு வழக்கம்போலக் கிண்ணியாவிலிருந்து நானா அனுப்பிய ஒரு முட்டித் தயிர் வந்தது. கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை, பயத்தில். அவரோடு கதைபேச்சு மறுபடி தொடங்கினால் எல்லாம் வெளிவந்துவிடும் என்ற பயம். பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். கடவுளோடு கணக்குத் தீர்ப்பது சுகம். பாதை கடந்து கிண்ணியாவுக்குப் போவதுதான் முடியாத காரியமாக இருந்தது. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றே இருந்தேன், அப்பா கண்ணை மூடிவிட்டார். அவருக்குச் சொல்லாததுதான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு இனி மருந்தில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் வயது போனவள், ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் பொய் சொன்னது பிறகு. முதல் பிழை அந்தத் திங்கட்கிழமை. ஒரு வார்த்தை கேட்காமலே அந்த மனிசனைக் குற்றவாளி ஆக்கினேன். ஒரு வார்த்தை கேட்காமலே மன்னித்தும் விட்டேன். மன்னித்தது எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. "நானா, இது உங்கட பீடியோ?" என்று அடுத்த ஞாயிறு சண்டை பிடித்திருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம், அப்பா ஓட்டையை மறுபடி போட்டிருப்பார். போகிற இடத்தில் பல சாதிச் சனத்தோடு வேலை செய்யப் போகிறாய். சண்டை பிடி, தம்பி. வாயைத் திறந்து கேட்டுச் சண்டை பிடி. மனதுக்குள் தீர்ப்புச் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். அந்த முழங்காலோடு பாதையில் நின்றபடி போனேன். நானாவுக்குக் கண் பூத்துவிட்டது, என் குரலில்தான் ஆளைப் பிடித்தார். வள்ளம் கட்டுவதை அப்போதே விட்டுவிட்டாராம். ஆகாயத்திலிருந்து ஆளை விழுத்தின ஓடாவி என்று கதை பரவிய பிறகு எவர் வந்து வள்ளம் கேட்பார்? கதவு, யன்னல், கதிரை என்று காலம் போயிருக்கிறது. முற்றத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பீடியைச் சொன்னேன், வட்டங்களைச் சொன்னேன், படலையில் நின்றதைச் சொன்னேன். உன் பட்டறையில் அவர் பெயரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை. அவர் மகள் கொண்டு வந்து வைத்த தேத்தண்ணியைத் தடவி எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எனக்கிட்டச் சொல்லி என்ன தங்கச்சி? என்ட வேல எனக்குத் தெரியுந்தானே. தெரியாத ஆளுக்குச் சொல்லுங்க" என்றார்.

நான் எழும்பிவிட்டேன். படலை வரை வந்ததும் கூப்பிட்டார். "மத்தச் செட்ட என்னாச்சி?"

"நுனியை மட்டும் அறுத்து வைச்சிருக்கிறன் நானா. அலுமாரிக்கு மேல இருக்கு."

"மூட்டு உட்டிரிக்கா?"

"இல்லை."

"ஒரு மயிரளவு?"

"இல்லை நானா."

அந்த மனிசன் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அப்பாவைச் சுமந்த அன்றுகூட அவர் அழவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற பலம் எனக்கில்லை, கொடுக்கவேண்டிய கடமை அவருக்கும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு மூன்று வட்டங்களையும் குண்டூசியால் குத்தி அனுப்புகிறேன். எரிக்க மனம் வராமல் இத்தனை வருஷம் ஊசிப்பெட்டியில் வைத்திருந்தேன். என்னோடு கோபித்து, வீட்டுக்கு வராமலே பயணம் போய்விடாதே; கோபத்தையும் கொண்டு வா, இங்கே வைத்துத் திட்டு. வந்ததும் அலுமாரிக்கு மேல் பழைய போர்வையில் சுற்றி வைத்திருப்பதை இறக்கு. அந்தச் சரிவு மூட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார். முழங்காலில் வைத்து, உன் பலம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார். பதினேழு மாரி கண்ட மூட்டு, அசையாது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நீ தனியாகக் கிண்ணியாவுக்குப் போய் அவர் கையில் கொடு. நான் கூட வரமாட்டேன். வந்தால் நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். அவருக்குக் கண் தெரியாது, ஆனால் விரலால் தடவிப் பார்ப்பார். அவர் தடவி முடிக்கும்வரை பக்கத்தில் இரு.

அதற்குப் பிறகு இரத்மலானைக்குப் போய், காசிம் ஒட்டு என்றால் என்ன என்று அந்தப் பொடியன்களுக்குச் சொல்லிக்கொடு.

அம்மா